அழுகைக்கு மதிப்பெண்

இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரின் வடமேற்கு ஓரத்தில் ஸ்ஃபெர்ராகவால்லோ என்றொரு மீனவர் ஊர். செப்டம்பர் இறுதியில் கோஸ்மா, தமியானோ என்ற புனிதர்களின் சப்பரத்தை வெறுங்காலோடு தூக்கி, பேண்டு வாத்தியத்துக்கு ஆட்டிக்கொண்டு ஓடுவார்கள். இருவரும் காசு வாங்காத வைத்தியர்களாம்.

திருவிழாவுக்கு மட்டுமல்ல, சாவுக்கும் சிசிலியில் முறை உண்டு. இழவு வீட்டில் அடுப்பு எரியாது. அக்கம்பக்கத்தார் சாப்பாடு கொண்டுவருவார்கள், அதற்குப் பெயர் கொன்சோலோ. நவம்பர் 2, கல்லறைத் திருநாள். செத்துப்போன தாத்தாவே ராத்திரி வந்து பொம்மையும் மிட்டாயும் வைத்துவிட்டுப் போனதாகப் பிள்ளைகளிடம் சொல்வது பழைய வழக்கம். சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளும் ஆட்டிசப் பிள்ளை, "வந்தவர் என்னை ஏன் எழுப்பவில்லை?" என்று கேட்டால் என்ன சொல்வது?

நம் பொய்யும் குறைந்ததில்லை. "அப்பா சாமிகிட்ட போயிருக்கார்" என்கிறோம். "எப்ப வருவார்?" என்று பையன் கேட்கிறான், மறுநாளும் அதே கேள்வி. போனவர் வரத்தானே வேண்டும்? "தூங்குறார்" என்று சொன்ன வீட்டில் பிள்ளை படுக்கவே பயந்தால் அது யார் குற்றம்?

நம் இழவு வீட்டில் பறை, வெடி, ஊதுபத்திப் புகை, கட்டிப்பிடித்து அழும் அத்தைமார். சின்னச் சத்தமே காதைக் கிழிக்கும் உடம்புக்கு இது சித்திரவதை. பையன் காதைப் பொத்திக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடுகிறான். பதற்றத்தில் சிரித்தும் விடுகிறான். உடனே "கல்நெஞ்சன்" என்று தீர்ப்பு. ஆறு மாதம் கழித்து அப்பாவின் செருப்பை யாரோ இடம் மாற்றியதும் தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறான். துக்கம் அன்றுதான் வெளியே வந்தது என்று எந்த உறவினருக்கும் தோன்றுவதில்லை. உள்ளே இருப்பது இன்ன உணர்ச்சி என்று பிரித்தறியச் சிரமப்படுவோர் ஆட்டிசம் உள்ளவர்களில் ஏராளம். உணர்ச்சியே இல்லை என்பது வேறு. ஆட்டிசம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையே புரியாமை இரு பக்கமும் இருக்கிறது என்று 2012இல் எழுதினார் டேமியன் மில்டன். அவரே ஆட்டிசம் உள்ள ஆய்வாளர்.

கண்ணீர் அத்தனை நம்பகமான சாட்சியா? தென் இத்தாலியின் ஒப்பாரியை ஆராய்ந்து 1958இல் நூல் எழுதிய எர்னெஸ்தோ தெ மார்த்தினோ, அது தலைமுறையாகக் கற்றுவந்த ஒரு முறை என்று காட்டினார். நமக்கு ஆராய்ச்சியே வேண்டாம். கூலிக்கு மாரடிப்பவர்களை ஊரே அறியும்.

1933 மே 11 அன்று தன் மனைவி நாகம்மையார் இறந்தபோது யாரும் அழக்கூடாது என்றார் பெரியார். மறுநாளே திருச்சிக்குப் பொதுவேலையாகக் கிளம்பினார். தன் இழப்பைக் 'குடிஅரசு' ஏட்டில் எழுதித் தீர்த்தார். அதை மனவுறுதி என்று மேடைதோறும் புகழ்கிறோம். அதே வறண்ட கண்ணோடு ஒரு ஆட்டிசப் பையன் நின்றால் மட்டும் நோய் என்கிறோமே, இது என்ன நியாயம்?

அவனிடம் நேராகச் சொல்லுங்கள்: "அப்பா செத்துட்டார். இதயம் நின்னுடுச்சு. இனி அவருக்கு வலிக்காது. நாளைக்கு எரிப்போம். திரும்பி வரமாட்டார்." எத்தனை தடவை கேட்டாலும் அதே பதில். செருப்பை எடுப்பதற்கு முன்னால் அவனிடம் சொல்லிவிட்டு எடுங்கள்.

பையன் அழவில்லை என்று பதினாறாம் நாள் வரை குறைபட்ட மாமாக்கள், வீட்டுப் பத்திரம் யாரிடம் இருக்கிறது என்று எத்தனையாம் நாளில் விசாரித்தார்கள்?