தாய்க்குத் தாயே துணை

பிள்ளைப்பேறு யாருடைய காரியம்? இவ்வினாவை நம்மவரிடம் கேட்டால் விடைகள் பலவாறாக வரும். கடவுள் சித்தம் என்பார் சிலர். குடும்பத்தின் சொந்த விஷயம் என்பார் சிலர். டாக்டரின் வேலை என்று சொல்லி ஒதுங்குவார் சிலர். இம்மூன்று விடைகளிலும் ஒருத்தி விடுபட்டுப் போகிறாள். பக்கத்து வீட்டில், நேற்றோ முந்திய ஆண்டோ அதே வலியைப் பட்டு, அதே அச்சத்தைக் கடந்து வந்த மற்றொரு தாயே அவள். கருவுற்றவளுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் அவள் செய்யும் உதவி தருமமா, கடனா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

பிள்ளை பெறாதவளுக்குப் பேறுகால வேதனை தெரியுமா என்றொரு பழமொழி நம்மிடையே வழங்குகிறது. குழந்தையில்லாத பெண்ணைக் குத்திக் காட்டவே அதனை எடுத்தாளுகின்றனர். அவ்விழிவை நாம் ஒப்போம். ஆயினும் அதனுள் ஓர் உண்மை கிடக்கிறது. பட்டவள் அறிவு என்பது ஒன்றுண்டு. அது புத்தகத்தால் முழுதும் வாராது. அவ்வறிவை உடையவள் அதனைப் பெருமைக்கு வைத்துக்கொள்வதா, அடுத்தவளுக்குக் கொடுப்பதா என்பதே கேள்வி.

நம் முன்னோர் கடல் கடந்து வந்த வரலாற்றை நினைத்துப் பார்ப்போம். தமிழகத்தில் முதற் பிரசவத்திற்குப் பெண் தாய்வீடு செல்வது வழக்கம். பினாங்கிற்கு எதிர்க்கரையிலுள்ள வெல்லஸ்லி மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களுக்கும், பின்னர் ரப்பர்த் தோட்டங்களுக்கும் வந்த பெண்ணுக்குத் தாய்வீடு எங்கே இருந்தது? வங்கக் கடலுக்கு அப்பால் இருந்தது. 1938-இல் இந்திய அரசாங்கம் உதவி பெற்றுக் குடியேறுதலைத் தடை செய்த பின்னர் உற்றார் வருகையும் அருகியது. ஆகவே லயத்தில் அடுத்த வீட்டு அக்காளே அவளுக்குத் தாயானாள். விடியுமுன் மரம் வெட்டப் போகும் தாய் தன் பச்சிளங்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்லுங்கால், அவள் நம்பியது மற்றொரு பெண்ணின் கையையே. சாதியும் ஊரும் வேறாயினும், அந்த நேரத்தில் அவை கேட்கப்படவில்லை.

நிற்க. இத்துணையில் குற்றமே இல்லை என்று நாம் கூறவில்லை. அன்போடு வந்த அக்காளே அறியாமையையும் கையோடு கொண்டுவந்தாள். முதன்முதலிற் சுரக்கும் சீம்பாலைக் கெட்ட பாலென்று பீய்ச்சி எறியச் சொன்னாள். அதுவே குழந்தைக்கு நோய் தடுக்கும் முதல் மருந்து என்பதை அறியாள். பிறந்த குழந்தையின் நாவில் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைத்தாள். தீட்டென்று சொல்லித் தாயை மூலையில் ஒதுக்கினாள். தாகத்தால் வருந்தினவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுத்தாள். அன்பு உண்மையோடு சேராவிடின் அதுவும் கொல்லும்.

துணையைப் போல் வேடமிட்டு வந்தவரும் உண்டு. 1939-இல் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் “பாலும் கொலையும்” என்ற தலைப்பில் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். இனிப்பூட்டிய டின்பாலைக் குழந்தைக்கு ஏற்றதென விளம்பரம் செய்து, அதனால் சிசுக்கள் மடிவதைக் கொலையென்றே கருத வேண்டும் என்று வன்மையாகக் கண்டித்தார். தாதியரைப் போல் உடையணிந்த விற்பனைப் பெண்கள் தாய்மாரை நாடிச் சென்று இனிக்கப் பேசினர். குழந்தை உறிஞ்ச உறிஞ்சவே தாய்க்குப் பால் ஊறும். இடையில் புட்டி புகுந்தால் சுரப்புக் குறையும். குறைந்தபின் புட்டியின்றித் தீராது. நல்ல தண்ணீரும் போதிய பணமும் இல்லாத வீட்டில் அப்புட்டி நோயாயிற்று. 1981-இல் உலக சுகாதார சபை இத்தகைய விற்பனையைக் கட்டுப்படுத்தும் நெறிமுறைகளை ஏற்றது. 1991-இல் தோன்றிய தாய்ப்பால் இயக்கங்களின் உலகக் கூட்டணி தன் செயலகத்தை நமது பினாங்கிலேயே வைத்துக்கொண்டது. ஆண்டுதோறும் ஆகஸ்டு முதல் வாரத்தில் உலகெங்கும் கொண்டாடப்படும் தாய்ப்பால் வாரம் 1992-இல் அக்கூட்டணியால் தொடங்கப் பெற்றதே. 2013-இல் அவ்வாரத்திற்கு அது எடுத்துக்கொண்ட பொருள், தாய்க்கு அருகிலிருந்து மற்றொரு தாய் அளிக்கும் துணையே என்பது நாம் பெருமையோடு அறியத்தக்கது.

மெய்த்துணையையும் பொய்த்துணையையும் பிரித்தறிவது எவ்வாறு? இருவரும் புன்னகை செய்வர். இருவரும் “நானிருக்கிறேன்” என்பர். ஒன்றைக் கவனித்தால் போதும். வியாபாரி தாயின் பலவீனம் நீடிப்பதையே விரும்புவான். அதிலேயே அவனுக்கு ஊதியம். மெய்த்தோழியோ, நாளைக்கு இவள் தன் காலில் நிற்க வேண்டும், என் உதவி இவளுக்கு வேண்டாததாக வேண்டும் என்று விரும்புவாள். பால் ஊட்ட இயலாத தாயை அவள் பழிக்கவும் மாட்டாள். பழிப்பவள் நீதிபதியாவாளேயன்றித் தோழியாகாள்.

ஆயின் வைத்தியர் எதற்கு என்று சிலர் கேட்கலாம். வைத்தியம் இன்றியமையாதது. மலேசியாவிலும் இலங்கையிலும் பேறுகால மரணம் பெரிதும் குறைந்தது, பயிற்சி பெற்ற மருத்துவச்சியை மக்களின் அருகே கொண்டு சென்றதாலும், ஆஸ்பத்திரியின் கதவை ஏழைக்கும் திறந்ததாலுமே. பெரும்போக்கு இரத்தம், வலிப்பு, கடுந்தலைவலி, பிரசவத்தின் பின் காய்ச்சல், குழந்தை பால் குடியாமை ஆகிய இவற்றைக் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்பவளே நல்ல தோழி. கஷாயம் காய்ச்சிக் காலத்தைப் போக்குபவள் அல்லள். ஆனால் டாக்டர் பார்ப்பது சில நிமிஷம். இரவு இரண்டு மணிக்குக் குழந்தை அழ, காரணமின்றித் தாயும் அழும்போது அருகிருப்பது யார்?

இது வெறும் உணர்ச்சிப் பேச்சன்று. நேபாளத்தின் மக்வான்பூர் ஜில்லாவில் கிராமப் பெண்கள் மாதந்தோறும் கூடித் தம் பேறுகால இடர்களைப் பேசி வழிகாண ஏற்பாடு செய்தனர். அத்தகைய குழுக்கள் இருந்த ஊர்களில், இல்லாத ஊர்களைவிடப் பச்சிளங் குழந்தைகளின் மரணம் நூற்றுக்கு 30 பங்கு குறைந்திருந்ததாக 2004-இல் ஆராய்ச்சி வெளிவந்தது. இந்தியாவில் ஜார்க்கண்டு, ஒடிசா மாநிலங்களின் ஆதிவாசிகள் மிக்க பகுதிகளில் நடந்த மூன்றாண்டுச் சோதனையின் முடிவு 2010-இல் வெளியாயிற்று; அங்கு 32 பங்கு குறைவு காணப்பட்டது. மூன்றாம் ஆண்டில் தாய்மாரின் மனச்சோர்வும் பாதிக்கு மேல் குறைந்தது. கூட்டத்தை நடத்தியவள் டாக்டரல்லள், அவ்வூர்ப் பெண்ணே. கருவி யாது? படங்களும் கதைகளும் விளையாட்டும், அவற்றைச் சுற்றி நடந்த பேச்சுமே. பெண்கள் அங்கே புத்தி கேட்க வரவில்லை. தம் புத்தியை ஒன்றுசேர்க்க வந்தார்கள்.

இப்போது முதல் வினாவுக்கு வருவோம். இவ்வுதவி தருமம் என்றால், கொடுப்பவள் மேலே நிற்பாள். பெறுபவள் கீழே நிற்பாள். மேலும், தருமத்தைச் செய்யாமலும் இருக்கலாம். கடன் அத்தகையதன்று. நாம் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு பெண்ணின் கை தாங்கப் பிறந்தோம். அந்தக் கடனைக் கொடுத்தவளிடமே திருப்பித் தர வழியில்லை. அவள் முதுமையடைந்திருப்பாள், அல்லது மறைந்திருப்பாள். அடுத்து வரும் தாயிடமே அதனைச் செலுத்த வேண்டும். ஆகவே இது முன்னோக்கி அடைக்கும் கடன்.

ஈண்டு ஓர் ஆட்சேபம் நியாயமானது. “வீட்டுவேலையும் கூலிவேலையும் செய்யும் பெண்ணின் தலையில் இதனையும் ஏற்றுவதா?” என்பதே அது. ஏற்றலாகாது. 2023 ஜனவரி முதல் மலேசியச் சட்டம் தாய்க்கு 98 நாள் பேறுகால விடுமுறையும் தகுதியுள்ள தகப்பனுக்கு 7 நாளும் அளிக்கிறது. அந்த ஏழு நாளில் தகப்பன் துணி துவைக்கட்டும், சமைக்கட்டும், குழந்தையை ஏந்தட்டும். எட்டாம் நாளும் அதனைத் தொடரட்டும். பெண்ணின் துணை ஆணின் கடமையை மன்னித்துவிடுவதற்கு அன்று.

சட்டம் ஓய்வு தரும், துணை தராது. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன; லயத்து மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தனர். லயத்தில் சுவருக்கப்பால் கேட்ட குழந்தையின் அழுகை, இங்கே மூடிய கதவுக்குள் அடங்கிப் போகிறது. ஆதலின் ஒரு மாடியிலுள்ள நான்கைந்து தாய்மார் மாதம் ஒருமுறை ஒரு வீட்டிலோ, பள்ளி மண்டபத்திலோ கூடட்டும். புதிதாகக் கருவுற்றவளை அழைக்கட்டும். மலாய்க்காரப் பெண்ணோ சீனப் பெண்ணோ பக்கத்தில் இருப்பின் அவளையும் அழைக்கட்டும். சுகாதார நிலையத் தாதி சொன்னதை அங்கே பேசட்டும். பழைய வழக்கங்களில் நல்லதைக் கொண்டு, தீயதைத் தள்ளட்டும். இதற்குப் பணம் வேண்டாம், பட்டம் வேண்டாம். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, “தங்கச்சி, சாப்பிட்டாயா? சற்று நேரம் தூங்கு, பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்ல ஒரு வாய் போதும். அச்சொல்லைச் சொல்லாமல் நாம் பேசும் தாய்மைப் பெருமையெல்லாம் வெறும் மேடைப் பேச்சே.