காயலான் கடைக்குப் போன கப்பல் பெட்டி

ஓம் சரவணபவ.

இன்றைக்கு ஒரு கேள்வி. ஒரு பொருளின் மதிப்பு உங்களுக்குத் தெரியும், விற்கிறவருக்குத் தெரியாது. அவர் சொன்ன விலையைக் கொடுத்து வாங்கி வந்துவிட்டீர்கள். திருடவில்லை, பொய் சொல்லவில்லை, பேரம்கூடப் பேசவில்லை. அப்படியும் மனசு உறுத்துகிறதே, ஏன்?

செங்கல்பட்டில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பிக்குப் பழைய பயணிகள் கப்பல் சாமான்களைச் சேர்ப்பதுதான் பொழுதுபோக்கு. டிக்கெட், சாப்பாட்டுத் தட்டு, லக்கேஜ் லேபிள், எது கிடைத்தாலும் விடமாட்டார். இந்த ஆசை உலகம் முழுக்க உண்டு. 1962ல் ஓடத் தொடங்கிய 'பிரான்ஸ்' என்ற பெரிய பிரெஞ்சுக் கப்பல், பிற்பாடு 'நார்வே' என்று பெயர் மாறி, கடைசியில் குஜராத்தின் அலங் கடற்கரையில்தான் உடைக்கப்பட்டது. அதன் முன்மூக்குத் துண்டு ஒன்று 2009ல் பாரிஸில் ஏலத்துக்கே வந்தது. அலங் சாலையோரக் கடைகளில் இன்றும் கப்பல் நாற்காலி, பீங்கான், கட்டில் எல்லாம் வாங்கலாம்.

நமக்கு நெருக்கமான கப்பல் 'ரஜூலா'. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காக 1926ல் ஸ்காட்லாந்தில் கட்டியது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று பல பத்தாண்டுகள் ஓடி, 1974ல் உடைபட்டது. நம்ம மாமல்லபுரம் கலங்கரை விளக்கம் இருக்கும் இந்தக் கரையை ஒட்டித்தான் அது நாகப்பட்டினம் பக்கம் இறங்கியிருக்கும். கையில் காசில்லாதவர்கள் டெக் டிக்கெட் எடுத்து, பாயும் பெட்டியுமாகத் திறந்த தளத்தில் படுத்துப் போனார்கள். அதற்குப் பிறகு ஓடிய 'சிதம்பரம்' கப்பலில் 1985ல் தீப்பிடித்துப் பலர் இறந்துபோனார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தம்பியின் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு அம்மா வீடு மாற்றும்போது, மாமனாரின் டிரங்குப் பெட்டியைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டார். தம்பி அதை 400 ரூபாய்க்கு வாங்கினார். மூடியின் உள்பக்கம் ரஜூலா லேபிள் அப்படியே இருந்தது. பக்கத்தில் தண்ணீர்மலை முருகன் படம் ஒன்று, பாதி உதிர்ந்த நிலையில். அதைப் பார்த்த ஒருவர் 15 ஆயிரம் தருகிறேன் என்றாராம். தம்பி என்னிடம் வந்து, "அண்ணே, நான் செஞ்சது தப்பா?" என்று கேட்டார்.

அவர் பக்க நியாயத்தை முதலில் பார்ப்போம். அவர் வாங்காமல் விட்டிருந்தால் அந்தப் பெட்டி நசுங்கித் தகரமாகியிருக்கும். அவர் வருஷக்கணக்கில் அலைந்து கற்றுக்கொண்ட அறிவுதான் அதைக் காப்பாற்றியது. உழைப்புக்குக் கூலி உண்டு, இல்லையென்று சொல்ல முடியாது. கடைக்காரருக்கும் அவர் கடன்பட்டவர் இல்லை. கடைக்காரர் எடைக்கு வாங்கி, எடைக்கு மேலேயே விலை வைத்து விற்றார். வாங்கி விற்பது அவர் தொழில், அதில் வருகிற லாபமும் நஷ்டமும் அவருக்குத் தெரிந்ததுதான்.

ஆனால் அந்த அம்மா வியாபாரி இல்லையே? ஒருவேளை அவர் தங்க வளையலைப் பித்தளை என்று நினைத்துக் கடையில் போட்டிருந்தால், தெரிந்தும் வாய் திறக்காமல் வாங்கி வருபவரை நாம் கெட்டிக்காரர் என்றா சொல்வோம்? நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர், பிறர் பொருளையும் தன் பொருள் போலப் பேணச் சொல்கிறார். அதைச் சொன்னது வியாபாரிக்கே. அப்படியென்றால் ஆசைக்குச் சேர்க்கிறவருக்கு எவ்வளவு பொருந்தும்!

இன்னொன்றும் உண்டு. தங்கத்தின் விலை தங்கத்தில் இருக்கிறது. இந்தப் பெட்டியின் விலை எங்கே இருக்கிறது? தகரத்தில் இல்லை. ஒரு மனுஷன் ஊரை விட்டுக் கடல் தாண்டிப் போன கஷ்டத்தில் இருக்கிறது. 15 ஆயிரம் என்று ஒருவர் சொல்வது அந்தக் கஷ்டத்துக்கு. அது அந்தக் குடும்பத்துடையது, நம் அறிவு அதைக் கண்டுபிடித்தது, அவ்வளவுதான். புதையல் எங்கே இருக்கிறதென்று கண்டவருக்கு ஒரு பங்கு உண்டு. முழுப் புதையலும் அவருடையது ஆகிவிடாது.

நான் தம்பியிடம் ஒன்றுதான் சொன்னேன். "நீ வாங்கினதை அந்த அம்மா முகத்துக்கு நேரா சொல்ல முடியுமா? முடியும்னா அது நியாயம். தெரு மாறிப் போகணும்னு தோணுச்சுன்னா அது நியாயம் இல்லை."

அவர் போய்ச் சொன்னார். அந்த அம்மா விலையைப் பற்றி உடனே கேட்கவே இல்லையாம். "மாமா கப்பல்ல போனாரா? டெக்லயா படுத்துக்கிட்டுப் போனாரு? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லையே" என்று லேபிளை ரொம்ப நேரம் தடவிப் பார்த்தாராம். பிறகு மகனைக் கூப்பிட்டுக் காட்டினாராம். முருகன் படத்தை மட்டும் தனக்கு வேண்டும் என்றார். லேபிளைப் போட்டோ எடுத்துக்கொண்டார். தம்பி பெட்டியை விற்கவில்லை. தன் கையிலிருந்து 5 ஆயிரம் கொடுத்தார். வீட்டு வேலை நடந்துகொண்டிருந்ததால் அந்த அம்மா தயங்காமல் வாங்கிக்கொண்டார். வாங்கியது சரிதான், அது அவருக்குச் சேர வேண்டியது.

இதில் நான் புரிந்துகொண்டது: பழைய பொருளை வாங்குகிறவர் கொடுக்க வேண்டிய கடன் இரண்டு. ஒன்று பணம், இன்னொன்று கதை. பணத்தைப் பங்குபோட்டுக் கொடுக்கலாம். கதையை முழுசாகவே திருப்பிக் கொடுத்துவிடலாம், அப்படிக் கொடுத்தாலும் நம்மிடம் ஒன்றும் குறையப்போவதில்லை. கதையை மறைத்துப் பொருளை மட்டும் எடுத்து வருவதுதான் உறுத்தலுக்குக் காரணம்.

உங்கள் வீட்டுப் பரணிலும் மலேயா, பர்மா, சிலோன் போய்வந்தவர்களின் பெட்டி இருக்கலாம். எடைக்குப் போடும் முன்னால் மூடியைத் திறந்து உள்பக்கம் ஒருமுறை பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்றைக்கே கேளுங்கள். வாங்குகிற பக்கம் நீங்கள் இருந்தால், தெரிந்ததைச் சொல்லிவிட்டு வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடும், ஆனால் அந்தத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்கலாம்.

முருகா சரணம்.