பாக்பஜாரில் எழுதிய பவர்

வடக்குக் கொல்கத்தாவின் பாக்பஜாரில் ஒரு பழைய வீடு நடுச்சாலையில் நிற்கிறது. அதை இடிக்க மனமில்லாமல் சாலை இரண்டாகப் பிரிந்து சுற்றிக்கொண்டு போகிறது. கிரீஷ் அவென்யூ. அந்த வீட்டில் வாழ்ந்தவர் கிரீஷ் சந்திர கோஷ். வங்க நாடக மேடையைக் கட்டி எழுப்பியவர், ஊரறிந்த குடிகாரர்.

“இனிமேல் தொடமாட்டேன்” என்று பிள்ளை தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணிவிட்டு, நான்காம் நாள் அதே கடை வாசலில் நின்றிருக்கிறாயா? நான் நின்றிருக்கிறேன். என்னைப் பிடித்திருந்தது சிகரெட். அப்படி நின்று கூசிப்போன ஒரு மாலைக்குப் பிறகுதான் அந்த வீட்டைத் தேடிப் போனேன். உனக்கும் அவர் கதை வேண்டும். கேள்.

1844-இல் பிறந்த கிரீஷுக்குப் பதினோரு வயதில் தாய் இல்லை, பதினான்கில் தந்தையும் இல்லை. முப்பது வயதில் மனைவியையும் பறிகொடுத்தார். வெள்ளைக்காரக் கம்பெனிகளில் கணக்கு எழுதிக்கொண்டே இரவில் மேடையேறினார். மேடை இறங்கினால் பாட்டில். 1884 செப்டம்பர் 21 அன்று, பீடன் தெரு ஸ்டார் தியேட்டரில் அவர் எழுதிய ‘சைதன்ய லீலா’வைப் பார்க்க தட்சிணேஸ்வரத்திலிருந்து ராமகிருஷ்ணர் வந்தார். சைதன்யராக நடித்தது வினோதினி தாசி. பெரிய மனிதர்கள் முகம் சுளித்த அந்தப் பெண்ணைக் குரு மனமார வாழ்த்தினார். கிரீஷின் வாழ்க்கை திரும்பத் தொடங்கியது அந்த நாட்களில்தான்.

பிறகு ஒருநாள், தான் என்ன செய்ய வேண்டும் என்று கிரீஷ் கேட்டார். காலையும் மாலையும் ஒருமுறை கடவுளை நினைத்துக்கொள், போதும் என்றார் குரு. கிரீஷ் வாய் திறக்கவில்லை. சாப்பிடும் முன்பும் தூங்கும் முன்பும்? அதற்கும் மௌனம். சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நேரங்காலம் இல்லாத பிழைப்பு. முடியாததை முடியும் என்று அந்த மனிதர் முன்னால் எப்படிச் சொல்வது?

இந்த மௌனத்தில்தான் நான் மலைத்து நிற்கிறேன். நீயும் நானும் என்றால் தலையை ஆட்டிவிட்டு வந்திருப்போம்! நம் சத்தியங்களெல்லாம் அப்படித்தானே பிறக்கின்றன, எதிரில் இருப்பவரைச் சமாதானப்படுத்த. குடித்துக் குடித்து எல்லாவற்றையும் குலைத்துக்கொண்டவர் இந்த ஒன்றை மட்டும் விற்கவில்லை: கொடுக்க முடியாத வாக்கை அவர் கொடுக்கவில்லை. உன் முதுகெலும்பும் இன்னும் உனக்குள்தான் இருக்கிறது. தேடி எடு.

சரி, அப்படியானால் எனக்குப் பவர் எழுதிக் கொடுத்துவிடு, உன் சார்பில் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் குரு. வங்காளத்தில் அதை பகல்மா என்பார்கள். இனி உன் பாரம் என்னுடையது. கிரீஷ் துள்ளிக் குதிக்காத குறை. ஜபம் இல்லை, விரதம் இல்லை, விடுதலை!

விடுதலையா? ஏதோ ஒரு வேலையைப் பற்றி “இதை நான் செய்வேன்” என்று அவர் சொன்னபோது குரு மறித்தார். பவர் கொடுத்தவனுக்கு ‘நான் செய்வேன்’ ஏது? அன்றுதான் உறைத்தது. நாளுக்கு இரண்டு தடவை நினைத்திருந்தால் கடமை முடிந்திருக்கும். இப்போது எடுக்கும் ஒவ்வோர் அடியும் யார் எடுக்கும் அடி என்று பார்த்தாக வேண்டும். ஒவ்வொரு மூச்சையும் கவனிக்க வேண்டியதாயிற்று என்று பிற்காலத்தில் அவரே உருகிச் சொல்லியிருக்கிறார்.

குடி ஒரே இரவில் அவரை விட்டுப் போகவில்லை. குருவும் அதட்டிப் பிடுங்கவில்லை. 1886-இல் குரு மறைந்த பிறகும், 1893-இல் மினர்வா தியேட்டரில் வங்காள ‘மாக்பெத்’தை மேடையேற்றியபோதும், 1912-இல் கண்மூடும்வரையும் அந்தக் கவனம் அவரோடு இருந்தது. முழுசாகத் திருந்திய பிறகு உழைக்கலாம் என்று அவர் காத்திருந்தால் ஒரு நாடகமும் வந்திருக்காது. நீ எதற்காகக் காத்திருக்கிறாய்? அடுத்த திங்கட்கிழமைக்கா, தை பிறப்பதற்கா?

உடம்பே குடிக்கு அடிமையாகிவிட்டதென்றால் மருத்துவரிடம் போ. திடீரென்று நிறுத்துவது சிலருக்கு உயிராபத்து. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் மறுவாழ்வு நிறுவனத்தைத் தொடங்கினார்; அந்த மாதிரி வாசல்கள் உனக்காகத்தான் திறந்திருக்கின்றன. போவதில் வெட்கம் இல்லை. போகாமல் வீட்டையே எரிப்பதில்தான் இருக்கிறது வெட்கம்.

என் போராட்டம் லேக் மார்க்கெட் பக்கத்துப் பான் கடையில் நடந்தது. கம்பத்தில் ஒரு தேங்காய் நார்க்கயிறு தொங்கும். அதன் நுனி நாள் முழுக்கக் கனன்றுகொண்டே இருக்கும், சிகரெட் பற்றவைப்பதற்காக. முதல் வாரம் அதைக் கண்டாலே கை சட்டைப் பைக்குப் போகும். எதிர்க்கடையில் மண்கோப்பையில் டீ வாங்கிக்கொண்டு நிற்பேன். ஆசை ஏறும், நெஞ்சை அடைக்கும், கோப்பை ஆறுவதற்குள் இறங்கிவிடும். அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டும்தான் நான் பதில் சொன்னேன். வாழ்நாள் முழுக்க என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

நேற்றும் அந்த வழியாகத்தான் வந்தேன். கயிறு கனன்றுகொண்டிருந்தது. கடைக்காரர் வழக்கப்படி தலையசைத்தார். நானும் அசைத்துவிட்டு, டீயைக் குடித்து முடித்து, கோப்பையைத் தொட்டியில் போட்டுவிட்டு நடந்தேன்.