அரசன் தொட்டால் ஆறுமா?

1684 மார்ச் மாதம், லண்டனில் அரச மருத்துவர் ஒருவரின் வாசலில் கூட்டம் முண்டியடித்ததில் ஆறேழு பேர் நசுங்கிச் செத்தார்கள். ஜான் ஈவ்லின் தன் நாட்குறிப்பில் இதை எழுதிவைத்திருக்கிறார். வந்தவர்கள் மருந்துக்காக வரவில்லை, சீட்டுக்காக வந்தார்கள். அந்தச் சீட்டு இருந்தால்தான் கழுத்துப் புண்ணோடு இருந்த பிள்ளையை அரசர் இரண்டாம் சார்லஸின் கை படும்படி கொண்டுபோய் நிறுத்த முடியும்.

நம் வைத்தியர்கள் கண்டமாலை என்று சொன்ன நோய் அது. காசநோய்க் கிருமி நுரையீரலை விட்டுவிட்டுக் கழுத்திலுள்ள நிணநீர் முடிச்சுகளில் குடியேறும். நெறி கட்டும், வலி அதிகம் இராது. நாளடைவில் முடிச்சு உள்ளுக்குள் அழுகி, மேல்தோலும் பழுத்து உடைந்து, சீழ் வடியும் புண்ணாகும். தோல் மருத்துவர்கள் இந்தக் கட்டத்தை ஸ்குரோஃபுலோடெர்மா என்பார்கள். காய்ச்சாத பால் குடித்த ஐரோப்பாவில் மாட்டுக் காசநோய் குழந்தைகளுக்கு எளிதில் தொற்றியது. இந்த நோய்க்கு இன்னொரு குணமும் உண்டு. எந்த வைத்தியமும் இல்லாமலே பலருக்குச் சில மாதங்களில் வற்றிவிடும், பிறகு திரும்பவும் தலைகாட்டும். அற்புதம் செய்ய விரும்புகிறவருக்கு இதைவிடத் தோதான நோய் அகப்படாது.

பிரான்சிலும் இங்கிலாந்திலும் அரசர்களுக்கு இந்த நோயைத் தொட்டுக் குணமாக்கும் வரம் உண்டென்று சுமார் 700 ஆண்டுகள் நம்பினார்கள். இங்கிலாந்தில் நோய்க்கே ‘அரசர் நோய்’ என்று பெயர். இரண்டாம் சார்லஸ் மட்டும் தன் ஆட்சியில் ஏறத்தாழ 90,000 பேரைத் தொட்டார். சடங்குக்கும் நிர்வாகம் இருந்தது. அது உண்மையில் கண்டமாலைதானா என்று மருத்துவர்கள் பார்ப்பார்கள். முன்பு தொடப்படாதவர் என்று ஊர்ப் பாதிரியார் சான்று தர வேண்டும். அப்புறம் நோயாளி மண்டியிட, அரசர் இரு கைகளாலும் கன்னத்தைத் தடவுவார். நோயாளிகள்மேல் கை வைத்தால் அவர்கள் நலமடைவார்கள் என்ற மாற்கு நற்செய்தியின் பகுதியைக் குருவானவர் வாசிப்பார். அதிதூதர் மிக்கேல் பறவைநாகத்தைக் கொல்வது பொறித்த தங்கக் காசு ஒன்றை வெள்ளை ரிப்பனில் கோத்துக் கழுத்தில் மாட்டுவார்கள். தங்கத்துக்காகவே இரண்டாம் முறை வருகிறவர்களைத் தடுக்கத்தான் அந்தச் சான்று.

இதில் சமயச் சிக்கல் கொஞ்சநஞ்சமல்ல. அற்புதங்களின் காலம் அப்போஸ்தலர்களோடு முடிந்தது என்பது சீர்திருத்தத் திருச்சபையார் பலரின் கருத்து. அதில் ஊறி வளர்ந்த முதலாம் ஜேம்ஸ், அரியணை ஏறியபோது தொடுவதற்கே தயங்கினார். பிறகு இது அற்புதமில்லை, வெறும் வேண்டுதல் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு தொட்டார். அவருக்கு முந்தைய எலிசபெத்தை 1570இல் போப் சபையிலிருந்து விலக்கியிருந்தார். விலக்கப்பட்டவர் தொட்டும் நோய் ஆறியதால் போப்பின் ஆணைக்குக் கடவுளிடம் மதிப்பில்லை என்றார்கள் புராட்டஸ்டன்டுகள். நோயை ஆற்றியது அரசியல்ல, அவர் போட்ட சிலுவைக் குறி என்றார்கள் கத்தோலிக்கர்கள். ஆறியதா என்று இரு தரப்பும் கேட்கவே இல்லை. யார் கணக்கில் எழுதுவது என்பதில்தான் சண்டை.

1660களில் அயர்லாந்திலிருந்து வேலன்டைன் கிரேட்ரேக்ஸ் என்ற சாதாரணக் குடிமகன் கிளம்பினார். தடவியே நோய் தீர்க்கும் வரம் தனக்கும் கிடைத்திருப்பதாகச் சொன்னார். முதலில் அவர் தொட்டதும் கண்டமாலையைத்தான். 1666இல் லண்டனுக்கு வந்தபோது ராபர்ட் பாயிலைப் போன்ற விஞ்ஞானியே உடனிருந்து பார்த்து, சிலருக்கு நலமானதை ஏற்றுக்கொண்டார். முடிசூடாத கைக்கும் அதே பலன் என்றால் முடிக்கு என்ன வேலை?

டேவிட் ஹ்யூம் 1748இல் வெளியிட்ட அற்புதங்கள் பற்றிய கட்டுரையை இங்கே பொருத்திப் பார்க்கலாம். இயற்கைக்கு மாறான ஒன்று நடந்ததாக ஒருவர் சொன்னால், அது நடந்திருக்க வாய்ப்பு அதிகமா, சொன்னவர் தவறியிருக்க வாய்ப்பு அதிகமா என்று எடைபோடச் சொல்கிறார் அவர். கூர்மையான வாதம்தான். ஆனால் கண்டமாலையிடம் அது செல்லாது. புண் ஆறியது பொய்யில்லை, இயற்கைக்கு மாறானதுமில்லை. சாட்சிகளில் பெரும்பாலோர் கண்டதைத்தான் சொன்னார்கள். பிழை சாட்சியத்தில் இல்லை, தொட்டதற்கும் ஆறியதற்கும் நடுவே போட்ட முடிச்சில் இருந்தது.

அதே 1748இல் லண்டன் நகராட்சி, தாமஸ் கார்ட் என்ற வரலாற்றாசிரியருக்குக் கொடுத்துவந்த மானியத்தை நிறுத்தியது. அவர் செய்த குற்றம் ஓர் அடிக்குறிப்பு. பிரிஸ்டலைச் சேர்ந்த கிறிஸ்டோபர் லவல் என்ற கூலித் தொழிலாளி 1716இல், இன்று பிரான்சிலுள்ள அவிஞ்ஞோனுக்குப் போய், நாடு கடந்து வாழ்ந்த ஸ்டூவர்ட் அரசகுல வாரிசின் கையால் தொடப்பட்டுக் குணமாகித் திரும்பினார் என்று எழுதியிருந்தார். நகராட்சிக்கு உறுத்தியது மருத்துவமல்ல, அந்த வாரிசுதான் உண்மையான அரசன் என்ற பொருள். லவலுக்கு நோய் திரும்பி வந்தது, அவர் அதிலேயே இறந்தும்போனார்.

பலிக்காதபோதும் நம்பிக்கை அசையவில்லை. 12ஆம் நூற்றாண்டிலேயே நோஜான் மடத்துத் தலைவர் கிபேர், பிரெஞ்சு அரசர் முதலாம் ஃபிலிப் தன் பாவங்களால் வரத்தை இழந்தார் என்று எழுதினார். வரம் பொய் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சனின் கதை இன்னும் விசித்திரம். லிச்ஃபீல்ட் நகரத்து மருத்துவரே யோசனை சொல்லி, இரண்டரை வயதுப் பிள்ளையாக 1712இல் அவரை ராணி ஆனிடம் கொண்டுபோனார்கள். குணமாகவில்லை. கத்தி வைக்க வேண்டிவந்தது, கழுத்தில் தழும்பு நின்றது, பார்வையும் கெட்டது. எதையும் சந்தேகிக்கத் தயங்காத அந்த மனிதர் ராணி அணிவித்த காசை ஆயுள் முழுக்கக் கழற்றவில்லை. அதை மூடநம்பிக்கை என்று தள்ளுவது சோம்பேறித்தனம். யாரும் தொடக் கூசிய புண்ணை நாட்டின் அரசி தொட்டாள் என்பதற்கு, நோய் போனாலும் போகாவிட்டாலும், ஒரு மதிப்பு இருந்திருக்கிறது. தங்கக் காசையும் கூட்டத்தையும் கழித்துவிட்டால் எஞ்சுவது அதுதான் என்று தோன்றுகிறது.

இங்கிலாந்தில் இந்த வழக்கத்தை ஒழித்தது அறிவியல் இல்லை. மூன்றாம் வில்லியம் சடங்கை நடத்த மறுத்தார். ஆன் மீண்டும் தொடங்கினார், 1714இல் வந்த முதலாம் ஜார்ஜ் அதற்கு முடிவு கட்டினார். நாடாளுமன்றம் தேடிக் கொண்டுவந்த அரசனுக்குத் தெய்வ வரம் தேவைப்படவில்லை. காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் உலகுக்கு அறிவித்தது 1882இல்தான். இந்த வரலாற்றை 1924இல் நூலாக எழுதிய மார்க் பிளாக், அற்புதம் நடக்கும் என்ற எதிர்பார்ப்பே அற்புதத்தை நம்பவைத்தது என்று முடித்தார். ‘கூட்டுப் பிழை’ என்பது அவர் தீர்ப்பு. தொட்டதற்கும் ஆறியதற்கும் போட்ட முடிச்சைப் பற்றி அது சரி, ஜான்சனைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

பிரெஞ்சு அரசர்கள் தொடும்போது, அரசன் தொடுகிறான், கடவுள் குணமாக்குகிறார் என்று உறுதியாகச் சொல்வது வழக்கம். 18ஆம் நூற்றாண்டில் அது, கடவுள் குணமாக்குவாராக என்று மாறியது. 1825இல் முடிசூடிய பத்தாம் சார்லஸ், ரெய்ம்ஸ் நகரத்துப் புனித மார்க்கூல் மருத்துவமனையில் சுமார் 120 பேரைத் தொட்டார். பிரெஞ்சுத் தோல் மருத்துவத்தின் முன்னோடியான அலிபேர் நோயாளிகளை அவர்முன் நிறுத்தியவர்களில் ஒருவர். ஒவ்வொருவரிடமும் அந்த வேண்டுதலைச் சொல்லி முடித்த அரசர், உங்களுக்கு ஆறுதல் சொல்லத்தான் வந்தேன், நீங்கள் குணமடைய வேண்டும் என்பதே என் விருப்பம் என்று கூறிவிட்டுக் கிளம்பினார்.