பிரதியும் நேர்மையும்

பிறர் படைப்பைப் பார்த்து எழுதுபவனையும் வரைபவனையும் கள்வனுக்கு ஒப்பிடுவது நம்மிடையே வழக்கம். ஆயின், தைலவர்ணத்தில் உருவப்படம் தீட்டப் பயிலும் மாணவன், பழைய மேதையொருவரின் ஓவியத்தின் முன் அமர்ந்து அதனை அப்படியே வரைந்தே பழகுகின்றான். அவன் செய்வது களவா, கல்வியா?

1793 இல் திறக்கப்பட்ட பாரிஸ் லூவர் நூதனசாலை, தொடக்கம் முதலே பிரதியாளருக்கு இடமளித்து வந்துள்ளது. எனினும் பிரதியானது மூலத்தின் அளவிலேயே அமைதலாகாது. மூல ஓவியரின் கையொப்பத்தை அதில் இடுதலும் ஆகாது என்பது அங்குள்ள விதி. கையின் பயிற்சிக்கு அங்கு தடையில்லை. பொய்யான உரிமை கோரலுக்கே தடையுண்டு.

பிரதி செய்தல் வெறும் கைவேலையுமன்று. பழைய மேதைகள் பலர் மண்ணிற அடிவண்ணத்தில் ஒளியையும் நிழலையும் முதலில் நிறுவினர். அது உலர்ந்த பின்னரே ஒளி ஊடுருவும் மெல்லிய படலங்களை மேலேற்றினர். நமது கண்ணுக்குப் புலனாவது இறுதிப் படலமே. அதன் கீழுள்ள ஒழுங்கைப் பிரதியாளன் தானே ஊகித்தறிதல் வேண்டும். எனவே அவன் பின்பற்றுவது ஒரு முகத்தின் தோற்றத்தை மட்டுமன்று, ஒரு சிந்தனையின் வரிசையையுமாகும்.

இதற்கு எதிர்மறையான உதாரணம் ஒல்லாந்தரான ஹான் வான் மீகெரென். 1937 இல் வெர்மீரின் படைப்பென அறிஞரால் ஏற்கப்பட்ட அவரது ஓவியம், வெர்மீரின் எந்தவோர் ஓவியத்தினதும் பிரதியன்று; அது புதிய ஆக்கமே. ஆயினும் 1947 இல் அவர் மோசடிக்காகத் தண்டிக்கப்பட்டார். பார்த்து வரையாதவரே பொய்யரானார் என்பது சிந்தனைக்குரியது. குற்றம் ஒப்புமையில் இல்லை. கடனை மறைப்பதிலேயே உள்ளது.

அவ்வாறாயின், கடனை ஒப்புக்கொண்டால் மட்டும் போதுமா? மேதை நோக்கியது உயிருள்ள மனிதனை. பிரதியாளன் நோக்குவது மேதை கண்ட முடிவை. அம்முடிவிலேயே தங்கிவிடுபவன் பொய்யனல்லன். ஆயினும் தன் கண்ணால் எதனையும் காணாதவனாவான். 1639 இல் அம்ஸ்ரர்டாமில் ஏலத்துக்கு வந்த, ரபாயேல் தீட்டிய கஸ்திக்லியோனேயின் உருவப்படத்தை றெம்பிரான்ட் பார்த்து விரைவாக வரைந்துகொண்டார். மறு ஆண்டில் அவர் தீட்டிய தன்னுருவப் படத்தில் அதன் சாயல் உண்டு. முகமோ அவருடையது.

விரிவுரைக் குறிப்புகளை மனனஞ்செய்து பரீட்சைத் தாளில் பெயர்த்தெழுதும் மாணவராகிய நாமும் பிரதியாளரே. அதற்காக நாணவேண்டியதில்லை. பட்டம் பெற்று வெளியேறும் நாளிலும் நம் முகம் எங்கும் வரையப்படாதிருப்பின், அதற்கே நாணவேண்டும்.