சிரிப்பும் சிம்மாசனமும்

நற்செய்தி நூல்களில் யேசு அழுததாக வாசிக்கின்றோம். சிரித்ததாக எவ்விடத்திலும் வாசிப்பதில்லை. நாலாம் நூற்றாண்டில் பெரும் பிரசங்கியாராய் விளங்கிய புனித கிறிசோஸ்தோம் அருளப்பர் இதையே எடுத்துக்காட்டி, தம் மக்களின் சிரிப்புக்குக் கடிவாளமிட முயன்றார். அன்றுதொட்டு, சிரிப்பின்மேல் ஒரு சந்தேகம் கிறிஸ்தவர் மத்தியில் இருந்துகொண்டே வருகின்றது. பக்தியுள்ளவன் என்றால் முகத்தை உம்மென்று வைத்திருக்க வேண்டும் என எண்ணுவோர் இன்றும் இல்லாமற் போகவில்லை.

புனித தோமாஸ் அக்குவினாஸ் அப்படி எண்ணியவரல்லர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாம் எழுதிய இறையியல் தொகுப்பில் அவர் ஒரு பழங்கதையை எடுத்தாளுகின்றார். அப்போஸ்தலரான புனித அருளப்பர் தம் சீடரோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் முகம் சுளித்தார்களாம். அவர்களில் ஒருவனிடம் வில் இருந்தது. ஓர் அம்பு எய்யும்படி அருளப்பர் கூறினார். பின்னர் இன்னொன்று, பின்னர் மற்றொன்று. ஓயாமல் இப்படியே எய்துகொண்டிருக்க முடியுமா என்று கேட்டார். வில் முறிந்துவிடும் என்றான் அவன். மனித மனமும் அவ்வாறே என்றார் அருளப்பர். தோமையார் இத்துடன் விடவில்லை. தானும் நகையாடாமல் பிறர் நகைப்பதையும் பொறுக்காமல் இருப்பவன் மற்றவர்களுக்குப் பாரமாகின்றான். அதுவும் ஒரு குற்றமே என்கின்றார். மட்டுமீறிய கேளிக்கையைவிட அது சிறிய குற்றந்தான். ஆயினும் குற்றம் குற்றமே.

ஆகவே சிரிக்கலாம். ஆனால் யாரைப் பார்த்து? பெரியோரைப் பார்த்துமா? கோவிலுக்குள்ளேயுமா?

பன்னிரண்டாம் நூற்றாண்டு முதல் பிரான்ஸ் நாட்டுப் பேராலயங்களில் 'மூடர் திருநாள்' என்று ஒரு திருநாள் இருந்தது. நத்தாரை அடுத்துவரும் நாட்களில் ஆலயப் பணியாளரின் ஒவ்வொரு வகுப்பாருக்கும் ஒரு நாள் ஒதுக்கப்பட்டது. புனித முடியப்பர் நாள் தியாக்கோன்மாருக்கு, அருளப்பர் நாள் குருக்களுக்கு, மாசில்லாக் குழந்தைகள் நாள் பாடற்குழுச் சிறுவருக்கு. கடைசியில், பெரும்பாலும் ஜனவரி முதலாந் திகதி, உபதியாக்கோன்மாரின் முறை. அவர்கள் அன்று தாழ்ந்த படியில் நின்றவர்கள். (அந்தப் பட்டத்தையே பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1972இல் நீக்கிவிட்டார்.) அன்றைய தினம் பாடகர் தலைவரின் கோலை அவர்களுள் ஒருவன் கையிலேந்துவான். மாலைச் செபத்தில் தேவதாயாரின் புகழ்ச்சிக் கீதம் பாடப்படும். வல்லவர்கள் ஆசனத்திலிருந்து இறக்கப்படுவதையும் தாழ்ந்தோர் உயர்த்தப்படுவதையும் சொல்லும் அடி வந்ததும், அதையே திரும்பத் திரும்பப் பாடிக் குதூகலிப்பார்கள். எத்தனை தடவை பாடினார்கள் என்று தெரியாது. ஆனால் 1198இல் பரிஸ் மேற்றிராணியார் ஓடோ, ஐந்து தடவைக்கு மேல் பாடக்கூடாது என்று கட்டளையிட நேர்ந்தது. இக்கட்டளையை வாசிக்கும்போது எனக்குச் சிரிப்பு வருகின்றது. தேவதாயார் பாடியதைத்தான் அவர்களும் பாடினார்கள். ஐந்து முறை பாடினால் செபம். ஆறாம் முறை கலகம் போலும்.

இத்திருநாள் நாளடைவில் கட்டுமீறியது என்பது பலரின் முறைப்பாடு. 1435இல் பாசல் பொதுச்சங்கம் இதைத் தடைசெய்தது. 1445இல் பரிஸ் பல்கலைக்கழகத்தின் இறையியற் பீடம் பிரான்ஸ் நாட்டு மேற்றிராணிமாருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதியது. குருக்கள் முகமூடி அணிந்தார்கள், பெண்வேடமிட்டு ஆடினார்கள், பூசை நடக்கும் பீடத்தருகே இறைச்சிப் பண்டம் தின்றார்கள், சூதாடினார்கள், தூபத்துக்குப் பதில் பழஞ்செருப்பின் தோலைப் புகைத்தார்கள் என்றெல்லாம் அதில் பட்டியல் உண்டு. இவற்றில் பெரும்பகுதி மிகைப்படுத்தல் என்றும், பல இடங்களில் இத்திருநாள் ஒழுங்கான வழிபாடாகவே நடந்தது என்றும் வரலாற்றாசிரியர் மக்ஸ் ஹரிஸ் 2011இல் வெளியிட்ட நூலில் வாதிடுகின்றார்.

அக்கடிதத்தில் நம் கவனத்துக்குரியது வேறொன்று. திருநாளை ஆதரித்தோரின் நியாயத்தையும், மறுப்பதற்காக, அக்கடிதம் எடுத்துச் சொல்கின்றது. புதிய திராட்சை இரசம் நிறைந்த பீப்பாவை இடைக்கிடை திறந்து காற்றை விடாவிட்டால் அது வெடித்துவிடும், மனிதரும் அப்படித்தான், ஆண்டுக்கு ஒருநாள் மூடத்தனத்துக்கு இடங்கொடுத்தால் எஞ்சிய நாட்களில் ஒழுங்காக இறைபணி செய்வார்கள் என்பதே அந்த நியாயம்.

கேட்க நன்றாயிருக்கின்றது, அருளப்பரின் வில்லைப் போலவும் தோன்றுகின்றது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. வில்லின் கதை மனிதனுக்கு ஓய்வு வேண்டும் என்கின்றது. பீப்பாவின் கதையோ, பீப்பாவுக்கு உரியவன் பேசும் பேச்சு. இரசம் பொங்குவதேன் என்று அவன் கேட்பதில்லை. பீப்பா உடையாதிருந்தால் அவனுக்குப் போதும். ஒருநாள் சிரிக்கவிட்டு முந்நூற்று அறுபத்து நான்கு நாள் வாய்பொத்தி இருக்கச் செய்வது தருமமாகுமா? தம்மைப் பார்த்துச் சிரிக்க அனுமதிக்கும் அதிகாரிகள் எல்லாரும் தாராள மனத்தினர் அல்லர்.

இதற்கு எதிரான கருத்தை முன்வைத்தவர் ரஷ்ய அறிஞர் மிக்கயில் பக்தின். சோவியத் அரசால் கைதாகிக் கசக்ஸ்தானுக்கு நாடுகடத்தப்பட்டவர் அவர். பிரெஞ்சு எழுத்தாளர் ரபெலே பற்றிய தம் ஆய்வை 1940இல் எழுதி முடித்தார். அது நூலாக வெளிவர 1965 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. (ரபெலேயும் பிரான்சிஸ்கன் துறவியாய்த் தொடங்கி, பெனடிக்ற் சபைக்கு மாறி, வைத்தியராயும் பங்குக் குருவாயும் இருந்தவரே.) விபூதிப் புதனுக்கு முந்திய நாட்களில் தெருவெங்கும் நடந்த கார்னிவல் களியாட்டத்தை, மக்களின் இரண்டாவது வாழ்வு என்றார் பக்தின். அங்கே பார்வையாளர் இல்லை, எல்லாரும் ஆடுவோர். சிரிக்கின்றவன் தன்னையும் சேர்த்தே சிரிக்கின்றான். அச்சிரிப்பு அச்சத்தை வெல்கின்றது. பயந்து பேசவேண்டிய நாட்டில் இருந்துகொண்டு இதை எழுதினார் என்பதை மறக்கலாகாது.

ஆயினும் பக்தின் கார்னிவலைச் சற்று அழகுபடுத்தியே பார்த்துவிட்டார் என்பது என் எண்ணம். தென்கிழக்குப் பிரான்சில் ரொமான் என்னும் நகரில், 1580 பெப்ரவரியில், வரிச்சுமையால் நொந்த கைவினைஞர்கள் துடைப்பமும் சூட்டுக்கோலும் ஏந்திக் கார்னிவல் ஆடினர். நகரின் செல்வந்தரும் தமக்கென ஒரு கார்னிவல் நடத்தினர். நீதிபதி ஆன்டுவான் கெரானின் ஆட்கள், களியாட்டம் முடியுமுன்னரே கைவினைஞர் தலைவனான துணி வியாபாரி போமியேயைக் கொன்றார்கள். அவனுடன் இன்னும் பலர் மாண்டனர். முகமூடியின் பின்னால் இரு தரப்பாரும் இருக்கலாம் அல்லவா?

உரோமாபுரியின் கார்னிவல் இதைவிட வேதனையானது. 1466இல் பாப்பரசர் இரண்டாம் சின்னப்பர் நகரின் நெடுந்தெருவில் ஓட்டப் போட்டிகளை ஏற்படுத்தினார். குதிரைகளும் கழுதைகளும் எருமைகளும் ஓடின, யூதரும் ஓடினர். காலப்போக்கில் யூதரின் ஓட்டம் ஊர் கூடிக் கேலிசெய்யும் காட்சியாயிற்று. ஓடுவோர்மேல் சேறு வீசினர். 1668இல் ஒன்பதாம் கிளமெந்து பாப்பரசர் இதை நிறுத்தினார். அதற்கு ஈடாக யூதர் ஆண்டுதோறும் பணங்கட்ட வேண்டும் என்றார். இரு நூற்றாண்டுகள் கத்தோலிக்கக் குடும்பங்கள் பிள்ளைகளோடு வந்து நின்று சிரித்த சிரிப்பு அது. அங்கே எந்த வல்லவனும் ஆசனத்திலிருந்து இறங்கவில்லை. ஏற்கனவே தரையில் கிடந்தவர்களே மிதிபட்டார்கள். உபதியாக்கோன்மாரின் ஆறாம் முறைப் பாட்டுக்கு இருந்த தடை இதற்கு இருக்கவில்லை.

சிரிப்பின் தராசு இங்கேதான் இருக்கின்றது என நினைக்கின்றேன். அது எவ்வளவு உரத்தது, எவ்வளவு நாகரிகமானது என்பதல்ல. சிரிப்பவன் தானும் அதற்குள் நிற்கின்றானா என்பதே. எரஸ்மஸ் 1511இல் வெளியிட்ட 'மூடத்தனத்தின் புகழ்' என்னும் நூலில் மூடத்தனமே பெண்ணுருக்கொண்டு பேசுகின்றது. பாப்பரசரையும் துறவிகளையும் இறையியலாரையும் அது விட்டுவைக்கவில்லை, எரஸ்மஸையும் விட்டுவைக்கவில்லை. அவரும் ஒரு குருவானவர், இறையியல் படித்தவர். அந்நூலை அவர் தம் நண்பர் தோமஸ் மூருக்கு அர்ப்பணித்தார். மூரின் பெயரும் மூடத்தனத்துக்குரிய கிரேக்கச் சொல்லும் ஒலியில் நெருங்கியவை. நண்பரின் பெயரைக் கொண்டே செய்த பகிடி அது. மூரும் அதை இரசித்தார்.

அதே தோமஸ் மூர், எட்டாம் ஹென்றியைத் திருச்சபையின் தலைவனாக ஏற்க மறுத்தமைக்காக 1535 யூலை 6ஆம் நாள் கொலைமேடைக்குக் கொண்டுவரப்பட்டார். மேடைப் படிகள் ஆட்டங்கண்டிருந்தன. அருகே நின்ற அதிகாரியிடம், ஏறுவதற்கு மட்டும் கைகொடுக்கும்படியும், இறங்குவதைத் தாம் பார்த்துக்கொள்வதாகவும் அவர் சொன்னாரென மருமகன் வில்லியம் ரோப்பர் எழுதிவைத்திருக்கின்றார்.