நெல்லி எந்தச் சாமிக்கு?

வில்வம் சிவனுக்கு, துளசி பெருமாளுக்கு என்று பங்கு பிரித்துக்கொண்ட பூசை மரபில் நெல்லி இரண்டு பக்கமும் செல்லுபடியாகிறது. திருவாரூர் வட்டாரத்துத் திருநெல்லிக்காவில் அதுவே சிவன் கோயிலின் தலமரம். சாமியின் பெயரும் நெல்லிவனநாதர். ஏகாதசி விரதக்காரர் வீட்டிலோ மறுநாள் துவாதசிச் சாப்பாட்டில் அகத்திக்கீரையோடு நெல்லிக்காய்ப் பச்சடியும் இருந்தாக வேண்டும். கார்த்திகை வளர்பிறைத் துவாதசியில் துளசி மாடத்தில் நெல்லிக் கொம்பை நட்டு, அதைத் திருமாலாகப் பாவித்துத் துளசிக்குக் கல்யாணம் செய்து வைப்பதும் உண்டு.

பிரகத்தர்ம புராணம் இதற்கு ஒரு கதை வைத்திருக்கிறது. லட்சுமிக்குச் சிவனையும் பார்வதிக்குத் திருமாலையும் புதுப்பொருள் ஒன்றால் பூசிக்க ஆசை. அந்த நெகிழ்ச்சியில் இருவரும் விட்ட கண்ணீர்தான் நெல்லியாக முளைத்ததாம். அதனால் துளசி, வில்வம் இரண்டின் குணமும் அதற்கு உண்டு.

இதைச் சைவ வைணவப் பூசலுக்குப் பின்னாளில் கட்டிய சமாதானம் என்று தள்ளிவிடலாம். புளியங்குடிக்காரருக்கு அப்படித் தள்ள மனம் வராது. பக்கத்துச் சங்கரன்கோவிலில் இதே வழக்கு வேறு விதமாகத் தீர்ந்திருக்கிறது. சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற நாக அரசர் இருவர் வாதாட, கோமதியம்மன் தவமிருந்து சிவனையும் திருமாலையும் ஓருருவில் கண்டாள் என்பது தலபுராணம். ஆடித்தபசு அந்தக் காட்சிக்கான திருவிழா. அங்கே சங்கரநாராயணர் உருவில் வலப்பாதி சிவன், இடப்பாதி திருமால். உடல் ஒன்றானாலும் நடுக்கோடு அழியவில்லை.

நெல்லியில் எந்தப் பாதி துளசி, எந்தப் பாதி வில்வம்? காயின் தோலில் ஆறு கோடுகள் மேலிருந்து கீழாக ஓடுகின்றன. பச்சையாகக் கடித்தால் சதை அந்தக் கோடுகளை மதிப்பதில்லை. கொட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரே திரளாக இருக்கிறது. ஆவியில் வேகவைத்தால் அதே காய் கோட்டுக்குக் கோடு சுளையாகப் பிரிந்துவிடும். பிரிவு முன்பே உள்ளே இருந்ததா, சூடுதான் உண்டாக்கியதா என்று அத்வைதியும் துவைதியும் ஒரு பகல் முழுக்கப் பேசலாம். சங்கரநாராயணர் காட்டுவது சேர்ந்த இரண்டு. நெல்லி காட்டுவது இன்னும் பிரியாத ஒன்று.

ஞாயிற்றுக்கிழமையிலும் இரவிலும் நெல்லிக்காய் ஆகாது என்ற விலக்கு தின்பதற்குத்தான், நடுவதற்கு இல்லை. புளியங்குடி எலுமிச்சைக்குப் பேர்போன ஊர். மலையடிவார மண் நெல்லிக்கும் ஒத்துவரும். பூசைக்கு வேண்டியது வடமொழியில் ஆமலகம் எனப்படும் பெருநெல்லி. வீட்டு முற்றங்களில் கொத்துக்கொத்தாகக் காய்க்கும் அரைநெல்லி வேறு இனம். மூன்றடிக் குழி வெட்டி, தொழுவுரமும் மேல்மண்ணும் நிரப்பி, வடகிழக்குப் பருவமழையை ஒட்டி ஒட்டுக்கன்று நட்டால் நாலைந்து ஆண்டில் காய் பார்க்கலாம்; விதைக்கன்று இன்னும் தாமதிக்கும். ஆண்பூவும் பெண்பூவும் ஒரே மரத்தில்தான் பூக்கின்றன. ஆனாலும் பல ரகங்கள் தன் மகரந்தத்தில் சரியாகக் காய் பிடிப்பதில்லை. மரம் பூத்தும் காய்க்கவில்லை என்றால் பரிகாரம் தேடுவதற்கு முன், காஞ்சனோ பவானிசாகர் 1-ஓ, வேறு ரகக் கன்று ஒன்றைப் பக்கத்து வீட்டுக்காரரையும் நடச் சொல்வதே வழி.